கடும் நோயுற்ற சிசுக்களையும் பிள்ளைகளையும் பராமரிக்க வன்னியில் தாதியர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில், ஒரு வைத்தியசாலையின் சிறுவர் விடுதியிலும் (வாட்டிலும்) குறைமாதக் குழந்தைகள் பிரிவிலும் நெடுங்காலம் டியூட்டி பார்த்தவள் நான். இப்போது புதிதாக வரும் தாதியரைக் கட்டிலருகில் நின்று பழக்குவதுதான் என் பெரும்பகுதி வேலை. புதிய தாதியர், பெற்றோர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து உதவ நினைக்கும் உறவுகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்தளவு வரும் இடங்கள் எல்லாம் கணக்குப் பழகுவதற்கான உதாரணங்கள். உங்கள் விடுதியின் வழிகாட்டியும் வைத்தியரின் கட்டளையுமே முடிவானவை.

மூன்று வருடம் படித்துவிட்டுத்தானே வருகிறோம். பிள்ளைகளைப் பார்க்க ஏன் தனியாகப் பழக வேண்டும்?

மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தம் ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் குவளையில் அடங்கிவிடும். ஒரு கிலோவில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு 80 அல்லது 90 மில்லிலீற்றர்தான் இருக்கும். பரிசோதனைக்கென்று மூன்று தடவை மும்மூன்று மில்லிலீற்றர் எடுத்தால் அந்தக் குழந்தையின் இரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரியவர்களின் வாட்டில் இருந்து வந்த கைக்கு இது உடனே உறைக்காது.

மூச்சும் அப்படித்தான். எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தைக்குப் பெரியவரைப்போல் இரு மடங்கு ஒட்சிசன் வேண்டும். அதனால் மூச்சு நின்றால் உடம்பு நீலம் பாரிக்க அதிக நேரம் எடுக்காது. சிசுவின் பின்தலை பெரியது. படுக்கவைத்தால் கழுத்து தானாக முன்னே மடியும். பெரியவருக்குச் செய்வதுபோல் தலையைப் பின்னுக்கு நன்றாகச் சாய்த்தாலும் மூச்சுப் பாதை ஒடுங்கும். தோளுக்குக் கீழே மடித்த துணி ஒன்றை வைத்து, முகம் நேரே கூரையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடும். மூக்கில் சளி அடைத்தாலே பால் குடிக்க முடியாமல் திணறும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இரத்த அழுத்தம். பிள்ளையின் உடம்பு இதயத்தை வேகமாக அடித்தும் கைகால் நாளங்களைச் சுருக்கியும் அழுத்தத்தை நீண்ட நேரம் தாங்கிப் பிடிக்கும். மொனிற்றரில் அழுத்தம் நன்றாகத் தெரியும், கால் சில்லிட்டிருக்கும். அழுத்தம் விழும்போது மிகப் பிந்திவிட்டது. அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கும் தாதிதான் முதலில் கண்டுபிடிப்பவர்.

சரி, கடும் நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடுவதற்கு முன் பாருங்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அரை நிமிடம் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிள்ளை அம்மாவைத் தேடுகிறதா? அழுகை பலமாக இருக்கிறதா, பூனைக்குட்டி மாதிரி மெலிந்திருக்கிறதா? மூக்கு விடைக்கிறதா? விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுபடுகிறதா? மூச்சை விடும்போது முனகுகிறதா?

பிறகு எண்ணுங்கள். சட்டையை உயர்த்தி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிசு சில செக்கன் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும், கணக்குப் பிழைக்கும். உலக சுகாதார நிறுவனம் தந்த எல்லைகள் இவை: இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. அப்புறம் நெஞ்சு எலும்பின்மேல் விரலால் ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் பழைய நிறத்துக்குத் திரும்ப மூன்று செக்கனுக்கு மேல் எடுத்தால் இரத்தோட்டம் குறைந்திருக்கிறது. கைகாலின் சூட்டையும் சேர்த்தே பாருங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சளி முற்றி மூச்சு இழுத்து அழுதுகொண்டிருந்த பிள்ளை இரவு இரண்டு மணிக்கு அமைதியாகிவிடும். மூச்சும் 70 இல் இருந்து 35 க்கு இறங்கியிருக்கும். அம்மா களைத்துப்போய் "அப்பாடா, நித்திரையாகிவிட்டான்" என்பார். குறிப்பேட்டில் எண்ணும் நன்றாகத் தெரியும். உண்மையில் பிள்ளை களைத்துவிட்டது, இழுக்கப் பலமில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிள்ளையை எழுப்பிப் பாருங்கள். சுகமாகும் பிள்ளை சிணுங்கும், கையைத் தட்டிவிடும். களைத்த பிள்ளை கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்காது.

வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ஒழுங்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மலாவி நாட்டின் பிளன்ரையர் நகர வைத்தியசாலையில், வாசலிலேயே பிள்ளைகளை அவசரம், முன்னுரிமை, காத்திருக்கலாம் என்று மூன்றாகப் பிரித்து, அவசரமானவர்களுக்கு உடனே சிகிச்சை தொடங்கினார்கள். அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளில் 100 க்கு 10 முதல் 18 வரை இருந்த மரணம் 6 முதல் 8 ஆகக் குறைந்தது. விலை கூடிய எந்த இயந்திரமும் அங்கே புதிதாக வரவில்லை. ஒட்சிசன் கொடுக்கும் ஒழுங்கும், பார்த்துப் பிரிக்கப் பழகிய ஆட்களும்தான் வந்தார்கள்.

பிறந்தவுடன் அழாத சிசுவுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைத்து, சூடாக்கி, முதுகைத் தேய்த்துவிட வேண்டும். இவ்வளவில் பெரும்பாலான சிசுக்கள் அழுதுவிடும். நூறு சிசுக்களில் ஏறத்தாழ பத்துக்கு இப்படி ஏதோ ஒரு சிறு உதவி தேவைப்படும். ஐந்துக்கு அம்பு பாக்கால், அதாவது முகமூடி பொருத்திக் கையால் அமுக்கும் பையால், மூச்சுக் கொடுக்க வேண்டிவரும். நெஞ்சை அழுத்த வேண்டிய நிலை ஒன்றுக்கும் குறைவு. ஆகவே பயிற்சியின் பாரம் முழுவதும் அம்பு பாக்கில் விழ வேண்டும். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்குவதே இலக்கு.

பொம்மையில் பழக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நெஞ்சு எழும்புகிறதா? எழும்பாவிட்டால் எத்தனை தடவை அமுக்கியும் பயனில்லை. முகமூடி கண்ணில் ஏறி நிற்கிறதா, நாடிக்குக் கீழே வழுக்குகிறதா, தலை மடிந்திருக்கிறதா என்று கை தானாகத் திருத்த வேண்டும். பதற்றத்தில் மூளை வேலை செய்யாது. கைக்குத் தெரிந்திருந்தால் மட்டும் செய்யும்.

வன்னி வெக்கையில் சிசுவுக்குக் குளிருமா?

குளிரும். ஈரத்தோடு பிறக்கும் சிசு, மேலே சுழலும் காற்றாடிக்குக் கீழே சில நிமிடங்கள் கிடந்தாலே உடம்புச் சூடு இறங்கிவிடும். மாரியில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில், எல்லோருக்கும் வியர்க்கிறது என்று காற்றாடியைப் போட்டுவைத்த பிரசவ அறையிலும் நடக்கும். உடம்புச் சூடு 36.5 க்கும் 37.5 பாகை செல்சியசுக்கும் இடையில் நிற்க வேண்டும். சூடு இறங்கினால் சிசு தன் சீனிச் சேமிப்பை எரிக்கும், இரத்தத்தில் குளுக்கோஸ் விழும், மூச்சுத் திணறல் கூடும். மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் காற்றாடியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், துண்டை முதலே சூடாக்கி வையுங்கள், தொப்பி போடுங்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்த சிசுவைத் துடைக்காமலே கழுத்து வரை சுத்தமான பிளாஸ்ரிக் பையில் இட்டு, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போட வேண்டும். முதல் முறை பார்க்கும் அம்மம்மாமார் பதறிப்போவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போடுங்கள். இது வீட்டில் பெரியவர்களோடு சண்டை வரும் விடயம் என்று தெரியும். அம்மாவின் வாயால் சொல்லவைக்காமல் நாங்களே சொன்னால் அம்மாவுக்கு உதவியாக இருக்கும்.

இன்கியூபேற்றர் இல்லாவிட்டால், அல்லது கரண்ட் போய்விட்டால்?

அம்மாவின் நெஞ்சு இருக்கிறது. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேற்றர் போதாமல் இரண்டு மூன்று குழந்தைகளை ஒன்றில் போட்டுவந்த வைத்தியசாலையில், எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற வைத்தியர்கள் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் இன்று கங்காரு பராமரிப்பு. ஏழைகளின் மாற்றுவழி என்று பலர் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2021 இல் வெளிவந்த ஆய்வில் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளைப் பார்த்தார்கள். ஒரு சாராரைப் பிறந்தவுடனேயே நெஞ்சோடு சேர்த்தார்கள். மறு சாராரை வழமைபோல உடல்நிலை தேறியபின் சேர்த்தார்கள். உடனே சேர்த்தவர்களில் முதல் 28 நாள் மரணம் 100 க்கு 12, மற்றவர்களில் 15.7. அதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் தன் ஆலோசனையையே மாற்றியது. முடிந்தவரை பிறந்ததும் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை வைத்திருக்கச் சொல்கிறது.

வன்னியில் எனக்குக் கிடைத்த அனுபவமும் இதுதான். கட்டிப்போட ஒரு சேலைத் துண்டு போதும். அம்மா சத்திரசிகிச்சையால் எழும்ப முடியாமல் இருந்தால் அப்பா வைத்திருக்கலாம், அம்மம்மா வைத்திருக்கலாம். மீன்பிடிக்கப் போய் வந்த கையோடு வாட்டுக்கு வந்து, கைகழுவி, சேட்டைக் கழற்றிவிட்டு மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்த முல்லைத்தீவு அப்பா ஒருவரை நான் மறக்கமாட்டேன். குழந்தை 1,400 கிராம். அவர் மூச்சு விட்டதே மெதுவாகத்தான்.

தாதி இங்கே பழக வேண்டியது கட்டுவதை மட்டுமல்ல. குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா, மூக்கு அடைபடாமல் இருக்கிறதா, கழுத்து மடியாமல் இருக்கிறதா, ஒட்சிசன் குழாய் இழுபடாமல் இருக்கிறதா என்று மணிக்கு மணி பார்க்க வேண்டும். ஒட்சிசன் பற்றி ஒரு சொல்: குறைமாதக் குழந்தைக்கு அது மருந்து, காற்றைப்போல் எண்ணித் திறந்துவிட வேண்டாம். காலில் கட்டும் அளவி காட்டும் இரத்த ஒட்சிசன் அளவு 90 க்கும் 95 வீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். தொடர்ந்து 100 இல் வைத்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம்.

டெங்குப் பிள்ளைக்குத் தாதி செய்வதற்கு என்ன இருக்கிறது? மருந்தே இல்லையே.

மருந்து இல்லாதபடியால்தான் தாதியே மருந்தாகிறார். வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கார்த்திகை, மார்கழி, தை என்று எங்கள் விடுதி நிறையும். காய்ச்சல் விடும்போது வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். இரத்தப்போக்குடன் கூடிய டெங்கில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். நாளங்களில் இருந்து நீர் கசியும், 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். நீர் குறைத்துக் கொடுத்தால் இரத்தோட்டம் போதாமல் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும். கூட்டிக் கொடுத்தால் அந்த நீரே நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சை அடைக்கும்.

எங்கள் தேசிய வழிகாட்டியின்படி அந்தக் கட்டம் முழுவதற்கும் ஒரு அளவு கணக்கிடப்படும். 14 கிலோ பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குரிய அடிப்படை நீர், முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100, அடுத்த 4 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர், ஆக 1,200. அதோடு எடையின் 5 வீதம், அதாவது 700. மொத்தம் 1,900 மில்லிலீற்றர், 48 மணித்தியாலத்துக்கு. வாயால் குடிக்கும் இளநீரும் சேலைனும் இதற்குள்தான் அடங்கும். அம்மா அன்போடு ஊட்டிய அரைக் குவளை தோடம்பழச் சாற்றை எழுதாமல் விட்டால் கணக்கு உடையும். அம்மாவிடம் கோபிக்க வேண்டாம். அளவு போட்ட குவளை ஒன்றைக் கொடுத்து, தானே எழுதப் பழக்குங்கள். எங்கள் அம்மாமார் வடிவாக எழுதுவார்கள்.

மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கைகால் சூடு, சிறுநீர். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 க்குச் சுருங்கினால், மேல் எண் நன்றாகவே இருந்தாலும், உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். இந்தப் பிள்ளைக்கு மணிக்கு 7 முதல் 14 மில்லிலீற்றர் சிறுநீர் போனால் போதும். அதைவிட அதிகம் போனால் நல்லது என்று மகிழ வேண்டாம். நீர் கூடிவிட்டதோ என்று கேளுங்கள்.

மருந்துக் கணக்கில் எனக்குப் பயம். எப்படித் தேறுவது?

பயம் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஜென்ரமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் குப்பியில் 2 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் இருக்கும். மூன்று கிலோ சிசுவுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தியர் எழுதினால் 15 மில்லிகிராம். குப்பியில் இருந்து நேரே எடுத்தால் 0.375 மில்லிலீற்றர். இதை நடுச்சாமத்தில் யாராலும் சரியாக அளக்க முடியாது. ஒரு மில்லிலீற்றர் எடுத்து மூன்று மில்லிலீற்றர் சேலைனோடு கலந்தால் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் ஆகும். அதில் 1.5 மில்லிலீற்றர் கொடுக்கலாம். ஒரு புள்ளி இடம் மாறினால் சிசுவுக்குப் போவது பத்து மடங்கு.

இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகு விடையை ஒப்பிட வேண்டும். "இது 1.5 தானே?" என்று கேட்டால் மற்றவர் களைப்பில் "ஓம்" என்றுதான் சொல்லுவார். அது சரிபார்ப்பு ஆகாது.

பாம்புக்கடி, குளத்தில் விழுதல், மண்ணெண்ணெய் குடித்தல். இவை எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. பயிற்சியில் உண்டா?

கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் பாடத்திட்டங்களில் பாம்பு இருக்காது. அதை நாங்கள்தான் சேர்க்கிறோம்.

எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்) இரவில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடமே தெரியாமல் போகலாம். விடிய வயிற்றுக்குத்து என்று கொண்டுவருவார்கள், கண்ணிமை விழுந்திருக்கும், பிள்ளை நித்திரைத் தூக்கத்தில் இருப்பதாகத் தாய் சொல்லுவார். இமையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சுத் தசைகள் செயலிழக்க முன் ஆயத்தமாக வேண்டும். கண்ணாடிப் புடையன் (கண்ணாடி விரியன்) என்றால் இரத்தம் உறையாது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனை எந்த வைத்தியசாலையிலும் செய்யலாம். விஷமுறிவு மருந்தில் மட்டும் எடைக்கணக்கு இல்லை. பாம்பு சிறிய பிள்ளைக்கென்று குறைத்து விஷம் விடுவதில்லை, ஆகவே பிள்ளைக்கும் பெரியவருக்குரிய அதே அளவு. ஒவ்வாமை வரலாம் என்று அட்ரினலினை முதலே சிறிஞ்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளமும் வாய்க்காலும் நிறைந்த மண் இது. நீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குவார்கள். வேண்டாம். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து தடவை மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதே கேடு.

பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாற்றும்போது தாதியின் பொறுப்பு என்ன?

வன்னியில் இதைப் பழகாமல் எதையும் பழகியதாகச் சொல்ல முடியாது. பிரதேச வைத்தியசாலையில் இருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அல்லது கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு. முல்லைத்தீவில் இருந்து பரந்தன் ஊடாக யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல்.

புறப்பட முன் ஒட்சிசனைக் கணக்கிடுங்கள். 340 லீற்றர் கொண்ட சிறிய சிலிண்டர் நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் போனால் 68 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனையிறவு தாண்டும்போது முடிந்தால் என்ன செய்வீர்கள்? பயணநேரத்தைப்போல் இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். குளுக்கோஸ் பார்த்தீர்களா? சிசுவில் 2.6 மில்லிமோலுக்குக் கீழே என்றால் திருத்திவிட்டே ஏற்றுங்கள். சூடு பார்த்தீர்களா? அம்மா வரக்கூடிய நிலையில் இருந்தால், மூச்சு நிதானமாக இருக்கும் சிசுவை அவர் நெஞ்சோடு கட்டியே கொண்டுபோகலாம். நாளத்தில் போட்ட கனுலா (ஊசிக்குழாய்) வடிவாக ஒட்டியிருக்கிறதா? குலுங்கும் அம்புலன்சுக்குள் புது ஊசி போட முடியாது. அம்பு பாக் பையின் அடியில் கிடக்க வேண்டாம், மடியில் இருக்கட்டும். எதிர்முனைக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டீர்களா?

அவசரப்பட்டு ஏற்றிவிடுவதுதான் வேகம் என்று எல்லோரும் நினைப்பார்கள், வாசலில் நிற்கும் சொந்தக்காரரும் அப்படித்தான் சத்தம் போடுவார்கள். நிலைப்படுத்த எடுக்கும் இருபது நிமிடம் வீண் இல்லை என்பதை அவர்களுக்கு ஒருவர் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒருவரை முதலே குறித்துக்கொள்ளுங்கள்.

இரவில் டொக்டருக்குப் போன் எடுக்கப் பயமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. நான் சேர்ந்த இரண்டாம் வருடம், எட்டு மாதப் பிள்ளை ஒன்று. இரவு ஒரு மணிக்கு மூச்சு 62. முந்தைய மாலை "சும்மா சும்மா கூப்பிடவேண்டாம்" என்று எனக்கு ஏச்சு விழுந்திருந்தது. விடியட்டும் என்று இருந்தேன். நாலரைக்குப் பிள்ளை நீலம் பாரித்தது. பல நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்துக்கொண்டது. அந்தத் தாய் போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் காத்திருந்த மூன்றரை மணித்தியாலம் அவருக்குத் தெரியாது. இன்றுவரை அது எனக்குள் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

பயத்தைப் போக்கச் சொற்கள் வேண்டும். போனை எடுக்க முன் நாலு வரி எழுதுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "சேர், ஆறாம் கட்டில், எட்டு மாதம், 7 கிலோ. மூச்சு ஒரு மணித்தியாலத்தில் 48 இல் இருந்து 62 க்கு ஏறியிருக்கு. மூன்றாம் நாள் சளிக்காய்ச்சல், ஒட்சிசனில் இருக்கிறா. களைத்துப்போறா என்று நினைக்கிறன். நீங்கள் இப்ப வந்து பார்க்கவேணும்." கடைசி வரியை விழுங்கிவிடாதீர்கள். பெரும்பாலான புதியவர்கள் முதல் வரியோடு நிறுத்தி, "அப்ப என்ன செய்ய, சேர்?" என்று கேட்பார்கள். நித்திரையில் இருந்து எழும்பியவருக்கு அது அவசரமாகக் கேட்காது. வராவிட்டால் அடுத்த மேல்நிலை வைத்தியரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தை எழுதுங்கள்.

இதை வைத்தியர்களோடு சேர்ந்தே பழக வேண்டும். தாதியரை மட்டும் ஓர் அறையில் வைத்துப் பழக்கிவிட்டு, வாட்டில் எல்லாம் மாறும் என்று எதிர்பார்க்க முடியாது.

பயிற்சி எத்தனை நாள்? எந்த மொழியில்?

இரண்டு நாள் பட்டறை, ஒரு மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ் என்ற முறை எனக்குப் பிடிக்காது. அம்பு பாக் பிடிக்கும் திறமை சில மாதங்களிலேயே மங்கிவிடும். தொடக்கத்தில் சில நாள் நன்றாகக் கற்பித்து, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம், டியூட்டி மாறும் நேரத்தில், அதே வாட்டில், அதே தள்ளுவண்டியை வைத்துப் பழகினால் நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் பொம்மையைக் கட்டிலில் வைத்து "மூச்சு இல்லை" என்பேன். சின்ன முகமூடி எந்த லாச்சியில் என்று யாருக்கும் தெரியவில்லை என்பது அப்போதுதான் வெளிவரும். அது யாருடைய குற்றமும் இல்லை. அன்றே லாச்சியில் பெயர் ஒட்டுவோம்.

மொழி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மருந்துப் பெயரும் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். இன்று எங்களால் ஒரு சிசுவின் மூச்சைத் தமிழில் விளக்க முடியாதா? புரியாததற்குத் தலையாட்டும் தாதியை விட, "விளங்கேல்லை மிஸ், திரும்பச் சொல்லுங்கோ" என்பவரையே நான் விரும்புவேன். எங்கள் வைத்தியசாலைகளில் சிங்களம் பேசும் தாதியரும் வேலை செய்கிறார்கள். அவர்களோடு பழகும்போது நாங்கள் சிங்களச் சொற்களையும், தாய்மாரோடு பேசத் தேவையான தமிழ்ச் சொற்களை அவர்களும் பழகுகிறோம்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். எந்த இயந்திரம் வாங்கி அனுப்பலாம்?

அன்புக்கு நன்றி. வாங்க முன் வாட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சிசுவின் காலுக்குரிய ஒட்சிசன் அளவி நாடா, சின்ன முகமூடி, சூடு காட்டும் கம்பி போன்றவை தீர்ந்துபோய் நல்ல மொனிற்றர்கள் மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். திருத்த ஆளும் உதிரிப்பாகமும் இல்லாத இயந்திரம் எங்களுக்கு இடைஞ்சல்.

நீங்கள் வைத்தியரோ தாதியோ என்றால் ஒரு தடவை வந்து போவதைவிட, அதே வாட்டுக்குத் திரும்பத் திரும்ப வாருங்கள். அங்கே சரிவருவது இங்கேயும் சரிவரும் என்று எடுத்த எடுப்பில் சொல்லவும் வேண்டாம். பிறக்கும்போது மூச்சுத் திணறிய சிசுவின் உடம்பை 72 மணித்தியாலம் குளிர்வித்து மூளையைக் காப்பது பணக்கார நாடுகளில் நல்ல பலன் தந்த முறை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 சிசுக்களில் அதைப் பரிசோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்வித்தவர்களில் 100 க்கு 42 பேரும், குளிர்விக்காதவர்களில் 31 பேரும் இறந்திருந்தார்கள். எங்கள் சிசுக்களைப் பற்றி எங்கள் வாட்டிலேயே கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

என் பிள்ளை வாட்டில் இருக்கும்போது நான் கூட இருக்கலாமா? வீட்டில் எப்போது பயப்பட வேண்டும்?

இருங்கள். பிள்ளை வழமைபோல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், தாதியிடம் சொல்லுங்கள். எங்கள் பயிற்சியில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு: தாய் சொன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டில், பிள்ளை குடிக்க மறுத்தால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழும்பாவிட்டால், மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது.

நான் உயர்தரம் படிக்கிறேன். இந்த வேலைக்கு எப்படி வருவது?

உயர்தரத்தில் பெரும்பாலும் விஞ்ஞானப் பிரிவைக் கேட்பார்கள். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போடுங்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்று வருடப் படிப்பு, கொடுப்பனவும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஆண்பிள்ளைகளும் வரலாம், வருகிறார்கள். 2009 இல் ஏழெட்டு வயதில் இந்த மண்ணில் இடம்பெயர்ந்து அலைந்த பிள்ளைகள் சிலர் இன்று என்னோடு டியூட்டி பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பிள்ளையின் கையைப் பிடிப்பது எப்படி என்று நான் கற்பிக்க வேண்டி இருக்கவில்லை.

பிள்ளை இறந்துபோனால் எப்படித் தாங்குவது?

தாங்குவதற்குப் பயிற்சி இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். சில காரியங்களைப் பழக்குகிறோம். குழாய்களைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, தாயின் கையில் கொடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயர் வைக்கவில்லை என்றால் என்ன பெயர் நினைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். அதன் பிறகு அந்த டியூட்டியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு பதினைந்து நிமிடம் ஒன்றாக இருந்து நடந்ததைப் பேச வேண்டும். யார் பிழை என்று தேடாமல், எந்த நேரத்தில் என்ன தெரிந்தது, என்ன செய்தோம் என்று. அழுகிறவர் அழட்டும். அன்றிரவு தனியாகப் பேருந்தில் வீட்டுக்குப் போகும் இளம் தாதிக்கு அடுத்த நாள் ஒருவர் போன் எடுக்க வேண்டும். எங்கள் விடுதியில் அந்த ஒருவர் நான்.

அடுத்த டியூட்டியில் இருந்தே தொடங்க ஒன்று சொல்லுங்கள்.

கைகழுவிக்கொண்டு அம்பு பாக்கை எடுங்கள். முகமூடியை உள்ளங்கையில் பொருத்தி அமுக்குங்கள். காற்று ஒழுகாமல் அழுத்தம் கையில் தெரிய வேண்டும். பூச்சியம், ஒன்று என்ற இரு அளவு முகமூடிகளும் இருக்கின்றனவா? சளி உறிஞ்சும் சக்சன் மெசின் இழுக்கிறதா? சிலிண்டரில் எவ்வளவு மிச்சம்? பிறகு கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் எடையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத பிள்ளை ஒன்று இருந்தால் முதலில் அதை நிறுங்கள்.